பிக் அப்: அர்த்தங்களும் பயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்' மாதிரி ஒரு குட்டிச்சொல் சேர்ந்து புதுப்பொருள் கொடுத்தால் அதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். குமரி மாவட்டத்தில் ஆங்கிலம் படிக்காதவர் வாயிலும் புழங்குவது 'பிக் அப்'. வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸ்கள், கன்னியாகுமரியில் சுற்றுலா வண்டி ஓட்டுபவர்கள், பிளஸ் டூ மாணவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே உள்ளன. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டு வாசியுங்கள்.

"பிக்கப்" தமிழிலேயே இருக்கிறதே, தனியாகப் படிக்க என்ன இருக்கிறது?

தமிழில் அதை நாலைந்து பொருளுக்குத்தான் எடுத்துக்கொண்டோம். ஆளை வண்டியில் ஏற்றுவது, போனை எடுப்பது, வண்டியின் இழுவை, வியாபாரம் சூடுபிடிப்பது, வாழைக்குலை ஏற்றும் சின்ன சரக்கு வண்டி. ஆங்கிலத்தில் இவை போக, நோய் தொற்றுவது, மொழி பிடிபடுவது, சிக்னல் கிடைப்பது, விட்ட இடத்திலிருந்து தொடர்வது, ஹோட்டல் பில்லைக் கட்டுவது, போலீஸ் அள்ளிக்கொண்டு போவது என்று நீண்டுகொண்டே போகும்.

இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. தமிழில் வெறும் 'பிக்கப்' என்று யாரும் நிறுத்துவதில்லை. "மாமாவ வடசேரியில பிக்கப் பண்ணுனேன்" என்போம். "கடை இப்பதான் பிக்கப் ஆவுது" என்போம். 'பண்ணு' வந்தால் ஒருவர் ஒன்றைச் செய்கிறார். 'ஆகு' வந்தால் அது தானாக நடக்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு ஒட்டும் கிடையாது. "ஐ பிக்ட் அப் மை அங்கிள்", "பிசினஸ் பிக்ட் அப்" என்று இரண்டுக்கும் ஒரே வடிவம். எது 'பண்ணு', எது 'ஆகு' என்று கேட்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

அப்படியானால் எந்த இடத்தில் என்ன அர்த்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அர்த்தங்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டாம். "யாரை? எதை?" என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் கிடைத்தால் அது 'பண்ணு' வகை. கீழேயோ வெளியிலோ இருந்த ஒன்று எழுவாயிடம் வந்து சேர்கிறது. கைக்கு வரலாம், வண்டிக்கு வரலாம், உடம்புக்கு, மண்டைக்கு, காதுக்கு, கருவிக்கு வரலாம். "ஷி பிக்ட் அப் தி பேக்" என்றால் பை கைக்கு வந்தது. "ஷி பிக்ட் அப் எ கோல்ட்" என்றால் சளி உடம்புக்கு வந்தது. "ஷி பிக்ட் அப் மலையாளம்" என்றால் மொழி நாக்குக்கு வந்தது. "தி பஸ் பிக்ட் அப் ஸ்பீட்" என்றால் பஸ்ஸுக்கு வேகம் வந்தது.

பதில் கிடைக்காவிட்டால் 'ஆகு' வகை. மந்தமாகக் கிடந்தது எழும்புகிறது, வலுக்கிறது. காற்று, வியாபாரம், உடம்பு, விலை எல்லாம் இப்படி வரும்.

இந்தக் கணக்குக்கு அடங்காதவை இரண்டு. ஒன்று போன். "ஹி டிட்நாட் பிக் அப்" என்பதில் "எதை" என்பது சொல்லப்படவில்லை, ஆனால் போன் என்று எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று "பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்", விட்ட இடத்திலிருந்து தொடர்வது.

"ஐ வில் பிக் யூ அட் சிக்ஸ்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். தப்பா?

இந்தியாவுக்குள் புரியும். வெளியே தப்பு. 'அப்' இல்லாத 'பிக்' என்றால் தேர்ந்தெடுப்பது. "ஐ வில் பிக் யூ" என்றால் "உன்னைத்தான் தேர்ந்தெடுப்பேன்" என்று ஆகும். டீம் கேப்டன் சொல்லலாம், டிரைவர் சொல்லக்கூடாது. "ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்" என்பதே சரி. "பிக் அண்ட் டிராப்" என்று வேன்களில் எழுதியிருப்பதும் நம் ஊர் வழக்கு. வெளிநாட்டவருக்கு எழுதும்போது "பிக்கப் அண்ட் டிராப்-ஆஃப்" என்று போடுங்கள்.

அடுத்தது இடம். மீ, யூ, ஹிம், ஹர், இட், அஸ், தெம் ஆகிய ஏழும் 'பிக்' கும் 'அப்' பும் நடுவில்தான் உட்கார வேண்டும். "பிக் மீ அப்" சரி. "பிக் அப் மீ" எந்தச் சூழ்நிலையிலும் வராது. பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடமும் சரி. "பிக் அப் தி பார்சல்", "பிக் தி பார்சல் அப்". ஆனால் பெயர் நீளமானால் நடுவில் திணிக்காதீர்கள். "நான் நேற்று மார்த்தாண்டம் கடையில் வைத்துவிட்டு வந்த இரண்டு தேன் பாட்டில்" என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் 'அப்' காணாமல் போய்விடும். அங்கே "பிக் அப் தி டூ பாட்டில்ஸ் ஆஃப் ஹனி..." என்று 'அப்' பை முதலிலேயே சொல்லி முடித்துவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.

இடத்துக்கு 'அட்', 'ஃப்ரம்' இரண்டும் போடலாம். "அட் தி ஸ்டேஷன்", "ஃப்ரம் தி ஸ்டேஷன்". நேரத்துக்கு 'அட் சிக்ஸ்' என்றால் ஆறு மணிக்கு. 'பை சிக்ஸ்' என்றால் ஆறு மணியைத் தாண்டாமல், முன்னாலும் வரலாம் என்று அர்த்தம். பயணி ஐந்தே முக்காலுக்கே வாசலில் நிற்க வேண்டுமா என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

சுற்றுலாப் பயணிக்கு டிரைவர் அனுப்ப ஒரு மாதிரி மெசேஜ் கிடைக்குமா?

"குட் ஈவினிங். ஐ வில் பிக் யூ அப் அட் தி மெயின் என்ட்ரன்ஸ் ஆஃப் நாகர்கோவில் ஜங்ஷன், நாட் நாகர்கோவில் டவுன், அட் ஃபைவ் தர்ட்டி ஏ.எம். ஒயிட் கார். ஐ வில் டிராப் யூ ஆஃப் அட் யுவர் ஹோட்டல் இன் கன்னியாகுமரி."

ஸ்டேஷன் பெயரை முழுசாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாகர்கோவிலில் இரண்டு ரயில் நிலையம், ஜங்ஷன் ஒன்று, டவுன் ஒன்று. "பிக் யூ அப் அட் நாகர்கோவில்" என்று மட்டும் அனுப்பினால் வண்டி ஒரு பக்கம், பயணி ஒரு பக்கம் நிற்பார்கள். 'டிராப் யூ' என்பதோடு 'ஆஃப்' சேர்ப்பதையும் கவனியுங்கள். சேர்க்காவிட்டாலும் பெரிய குற்றமில்லை, ஆனால் 'டிராப்' பை மட்டும் கேட்டால் கீழே போடுவது முதலில் நினைவுக்கு வரும்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு "ரிசீவ் பண்ணப் போறேன்" என்கிறோமே?

'ரிசீவ்' சம்பிரதாயமான சொல். மந்திரிக்குப் பூங்கொத்து கொடுத்தால் ரிசீவ். சவூதியிலிருந்து வரும் அண்ணனுக்கு 'மீட்' அல்லது 'பிக் அப்' போதும். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. 'மீட்' என்றால் வாசலில் போய் நின்று பார்ப்பது, வண்டி இருக்க வேண்டும் என்றில்லை. 'பிக் அப்' என்றால் ஏற்றிக்கொண்டு வருவது. வழியனுப்பப் போனால் 'சீ ஆஃப்'. "வி ஆர் கோயிங் டு சீ ஹிம் ஆஃப்."

'லிஃப்ட்' வேறா?

வேறு. லிஃப்ட் என்பது உதவியாக ஏற்றிக்கொண்டு போய் விடுவது, அதை 'கிவ்' பண்ணுவார்கள். "கேன் யூ கிவ் மீ எ லிஃப்ட் டு தக்கலை?" அமெரிக்கரிடம் 'ரைடு' என்று கேளுங்கள். 'பிக் அப்' பில் ஏற்றும் இடம்தான் முக்கியம், 'லிஃப்ட்' டில் போகும் இடம்.

போன் எடுக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது?

"ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்" என்பது நம் நாட்டு ஆங்கிலம். மேலே சொன்ன அதே காரணத்தால் இங்கும் 'அப்' வேண்டும். "ஹி இஸ் நாட் பிக்கிங் அப்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். 'கால்' என்ற சொல்லைச் சேர்க்க ஆசைப்பட்டால் "ஹி இஸ் நாட் ஆன்சரிங் மை கால்ஸ்". "அட்டெண்ட் தி கால்" வேண்டாம், அட்டெண்ட் பண்ணுவது கூட்டத்துக்கும் வகுப்புக்கும். எதிர்ச்சொல் 'ஹேங் அப்'. "பேசிட்டு இருக்கும்போதே கட் பண்ணிட்டா" என்றால் "ஷி ஹங் அப் ஆன் மீ". ரிசீவரைத் தூக்கி எடுத்து, திரும்பத் தொங்கவிட்ட காலத்துச் சொற்கள் இவை. செல்போன் வந்த பிறகும் மாறவில்லை.

பூப் பறிப்பது 'பிக்' கா, 'பிக் அப்' பா?

செடியிலிருந்து பறித்தால் 'பிக்'. கீழே கிடப்பதை எடுத்தால் 'பிக் அப்'. நம் மாவட்டத்துப் பயிர்களை வைத்தே இதைப் பழகிவிடலாம்.

பிச்சி மொட்டைக் கொடியிலிருந்து பறிக்கிறார்கள்: "தே பிக் தி பட்ஸ் பிஃபோர் சன்ரைஸ்." பறித்ததைத் தோவாளைச் சந்தையில் வியாபாரி வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்: "தி டிரேடர்ஸ் பிக் அப் தி ஃப்ளவர்ஸ் அட் தோவாளை." மிளகும் கிராம்பும் பறிப்பது, ஆகவே 'பிக்'. கொல்லாங்கொட்டையைப் பெரும்பாலும் பழம் பழுத்து உதிர்ந்த பிறகுதான் பெறக்குகிறோம், ஆகவே 'பிக் அப்'. தேங்காயை மரமேறி வெட்டிப் போடுபவருக்குப் 'பிக்' பொருந்தினாலும், கீழே கிடப்பதைக் கூட்டுபவர் செய்வது 'பிக் அப்'. ரப்பர் பாலுக்கு இரண்டும் இல்லை, அது 'டேப்'.

நடுவில் ஒரு எச்சரிக்கை. கூட்டத்திலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் 'பிக்' அல்லது 'பிக் அவுட்'. "நல்ல சேலையா ஒண்ணு பிக்கப் பண்ணு" என்பதற்கு "பிக் அவுட் எ நைஸ் சாரி". "பிக் அப் எ சாரி" என்றாலும் தப்பில்லை, ஆனால் அது "போற வழியில ஒண்ணு வாங்கிட்டு வா" என்று ஆகிவிடும்.

வழியில் வாங்குவதற்கும் 'பிக் அப்' பா?

ஆமாம். "பிக் அப் சம் மில்க் ஆன் யுவர் வே ஹோம்." திட்டம் போட்டுக் கடைக்குப் போய்க் கல்யாணப் புடவை எடுப்பதற்கு 'பை' தான். சும்மா போகிற போக்கில் வாங்குவதற்கு 'பிக் அப்'. மலிவாகக் கிடைத்தது என்ற தொனியும் சில சமயம் சேரும்.

வெளிநாட்டில் சாப்பாடு ஆர்டர் செய்தால் "பிக்கப் ஆர் டெலிவரி?" என்று கேட்பார்கள். நீங்களே போய் வாங்குகிறீர்களா, வீட்டுக்கு அனுப்பவா என்று அர்த்தம். நாம் சொல்லும் 'பார்சல்' அங்கே சாப்பாட்டைக் குறிக்காது.

"பிக் அப் எ லாங்குவேஜ்" என்பதும் "லேர்ன்" என்பதும் ஒன்றா?

இல்லை. 'லேர்ன்' பொதுச்சொல், வகுப்பிலும் கற்கலாம். 'பிக் அப்' என்றால் யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தராமல் காதில் விழுந்து விழுந்து பிடிபட்டது. கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு மலையாளம் வருமே, அது 'பிக் அப்'. நம் மாவட்டத்துத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. அந்தத் தலைமுறை பலரும் மலையாளத்தைப் பள்ளியிலும் படித்தார்கள். அவர்களுக்கு 'லேர்ன்ட்', பேரப்பிள்ளைகளுக்கு 'பிக்ட் அப்'.

"ஐ பிக்ட் அப் இங்கிலீஷ் இன் எ த்ரீ-மந்த் கோர்ஸ்" என்று சிலர் இன்டர்வியூவில் சொல்கிறார்கள். கோர்ஸ் என்று வந்தபின் 'லேர்ன்ட்' தான் ஒத்துப்போகும். பழக்கவழக்கம், பேச்சின் சாயல், கெட்ட வார்த்தை இவற்றுக்கும் 'பிக் அப்' வரும். "வேர் டிட் யூ பிக் அப் தட் வேர்ட்?" என்று வெளிநாட்டு ஆசிரியை பிள்ளையிடம் கேட்டால் பாராட்டாக இருக்க வாய்ப்பில்லை.

நோய்க்கு எப்படி வரும்?

சளி, வயிற்றுப்போக்கு, தொற்று போன்ற சில நாள் நோய்களுக்கு மட்டும். "ஹி பிக்ட் அப் எ ஸ்டமக் பக் ஆன் தி ட்ரிப்." சர்க்கரை, பிரஷர், கேன்சர் இவை எங்கிருந்தோ தொற்றிக்கொள்வதில்லை, ஆகவே இந்தச் சொல் சேராது. அவற்றுக்கு 'டெவலப்' அல்லது 'ஹேவ்'.

நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து, அயர்லாந்து போகிறவர்கள் எந்த அர்த்தங்களைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்?

நான்கு. இவற்றில் ஏதாவது ஒன்றாவது முதல் வாரத்திலேயே காதில் விழும்.

"கேன் யூ பிக் அப் எ ஷிஃப்ட் ஆன் சண்டே?" உங்கள் டூட்டி அட்டவணையில் இல்லாத ஒரு ஷிஃப்டைக் கூடுதலாக எடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். வண்டி அனுப்புவதைப் பற்றிய கேள்வி என்று நினைத்து "யெஸ், யெஸ்" என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. முடியாவிட்டால் "சாரி, ஐ கான்ட் பிக் அப் எனி எக்ஸ்ட்ரா ஷிஃப்ட்ஸ் திஸ் வீக்" என்று சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

"ஹஸ் ஷி பிக்ட் அப் ஹர் பிரிஸ்கிரிப்ஷன்?" சீட்டை அல்ல, சீட்டில் எழுதிய மருந்தை ஃபார்மசியில் வாங்கிவிட்டாரா என்பது கேள்வி.

"தி ஸ்கேன் பிக்ட் அப் எ ஸ்மால் ஷேடோ." ஸ்கேனில் தெரிந்தது. மானிட்டர், மெஷின், ரேடியோ எல்லாவற்றுக்கும் இதே. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகில் வயர்லெஸ் செட் சத்தம் பிடித்தாலும் "வி பிக்ட் அப் எ சிக்னல்".

"ஹி இஸ் பிக்கிங் அப் நவ்." இதில் "எதை" என்பதற்குப் பதில் இல்லை. நோயாளி தேறிவருகிறார்.

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதுபவர்களுக்கு ஒன்று. ஸ்பீக்கிங்கில் நோயாளியோடு பேசும் பகுதியில் 'பிக் அப்' இயல்பாக இருக்கும், தாராளமாகப் பேசுங்கள். ரைட்டிங்கில் 45 நிமிடத்தில் எழுதும் கடிதத்தில் அதைத் தவிருங்கள். தொற்றுக்கு 'கான்ட்ராக்டட்', மருந்து வாங்கியதற்கு 'கலெக்டட்', ஸ்கேனில் தெரிந்ததற்கு 'ரிவீல்ட்' அல்லது 'டிடெக்டட்'. இன்னொரு டாக்டருக்கோ நர்ஸுக்கோ போகும் கடிதம் அது, பேச்சுநடை அங்கே எடுபடாது.

"வியாபாரம் பிக்கப் ஆயிட்டு" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போடலாமா?

'ஆயிட்டு' வைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். "பிசினஸ் காட் பிக்ட் அப்", "பிசினஸ் பிகேம் பிக்கப்" இரண்டும் தவறு. 'காட்', 'பிகேம்' இரண்டும் நம் 'ஆகு' வின் மொழிபெயர்ப்பாக ஓடி வந்து ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் பொருளில் 'பிக் அப்' தானாகவே 'ஆகு' தான். நடந்துகொண்டிருந்தால் "பிசினஸ் இஸ் பிக்கிங் அப்", நடந்துமுடிந்தால் "பிசினஸ் ஹஸ் பிக்ட் அப்". செயப்பாட்டு வினை இங்கே கிடையவே கிடையாது.

எடுத்துக்காட்டு வேண்டுமா, ஓணம் நெருங்கும்போது தோவாளையைப் பாருங்கள். கேரளத்துக்குப் பூ போக ஆரம்பித்ததும் "டிமாண்ட் பிக்ஸ் அப், அண்ட் பிரைசஸ் பிக் அப் டூ." ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் "தி விண்ட் பிக்ஸ் அப்", முப்பந்தல் காற்றாலைகள் சுழலத் தொடங்கும். காற்றுக்கு இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்வது கடலோரத்துக்காரர்களுக்கு மிக உபயோகம், வானிலை அறிவிப்புகளில் அடிக்கடி வரும். ஆனால் மழைக்கு அவ்வளவாக வராது. மழை வலுத்தால் "தி ரெயின் இஸ் கெட்டிங் ஹெவியர்".

வண்டிக்குப் பிக்கப் இல்லை என்பது?

"தி பைக் ஹஸ் நோ பிக்கப்" இந்தியாவில் நல்லாப் புரியும், அமெரிக்காவிலும் உண்டு. பிரிட்டனில் 'ஆக்சிலரேஷன்' என்பார்கள். எங்கேயும் செல்லுபடியாவது "இட் இஸ் ஸ்லோ டு பிக் அப் ஸ்பீட்".

'பிக்கப்' என்றே சொல்லும் சரக்கு வண்டிக்குப் பல நாடுகளிலும் அதே பெயர்தான். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளுக்கும் பிக்கப் என்று பெயர், கம்பியின் அதிர்வை அது வாங்கி மின் சிக்னலாக மாற்றுகிறது.

"பிக்கப் எ ஃபைட்" சரியா?

இல்லை. சண்டைக்கு 'அப்' கூடாது. "ஹி பிக்ட் எ ஃபைட் வித் தி கண்டக்டர்." வம்புக்கு இழுத்தான் என்று பொருள். மற்ற இடத்தில் 'அப்' பை விட்டுவிடுகிறோம், வேண்டாத இடத்தில் கொண்டுவந்து வைக்கிறோம்! ஒருவரையே குறிவைத்துத் தொந்தரவு செய்தால் 'பிக் ஆன்'. "வை ஆர் யூ ஆல்வேஸ் பிக்கிங் ஆன் மீ?"

"ஐ பிக்ட் அப் எ கேர்ள் அட் தி பஸ் ஸ்டாண்ட்" என்றதும் சிரித்தார்கள். ஏன்?

முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசி மயக்கி அழைத்துப்போனதாக அர்த்தம் வரும். 'எ கேர்ள்', 'எ கை', 'எ வுமன்' என்று யாரென்று தெரியாத ஆளைச் சொல்லும்போதுதான் இந்த ஆபத்து. "மை சிஸ்டர்", "மை கொலீக்", "தி கெஸ்ட்ஸ்" என்று ஆளைக் குறிப்பிட்டால் வெறும் வண்டி விஷயம். வழியில் நின்ற யாருக்கோ உதவியிருந்தால் "ஐ கேவ் ஹர் எ லிஃப்ட்" என்பது பத்திரம்.

செய்தித்தாளில் "பிக்ட் அப் பை தி போலீஸ்" என்று வருகிறதே?

விசாரணைக்கு அழைத்துச்செல்லப்பட்டார் என்று பொருள். கைது என்று உறுதியாகச் சொல்ல 'அரெஸ்டட்' வேண்டும். ஒக்கி போன்ற புயலில் படகு கவிழ்ந்து தத்தளிப்பவரை வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டால் அதுவும் "பிக்ட் அப் பை எ ஷிப்". முன்னதற்கும் பின்னதற்கும் எவ்வளவு தூரம்! 'பை' க்குப் பின்னால் யார் வருகிறார் என்பதை வைத்துத்தான் தெரியும்.

வேறு சொற்கள் சேர்ந்து வரும் வடிவங்கள் எவை?

'பிக் அப் ஆன்' என்றால் வெளிப்படையாகச் சொல்லாததைக் கவனித்துப் புரிந்துகொள்வது. "ஷி பிக்ட் அப் ஆன் ஹிஸ் வொர்ரி." மூன்று சொல்லும் பிரியாது, நடுவில் எதையும் வைக்க முடியாது. 'பிக் அப் ஆஃப்டர்' என்றால் ஒருவர் போட்டது போட்டபடி விட்டுப்போனதை இன்னொருவர் பொறுக்கி ஒதுக்குவது. பெரும்பாலும் அம்மாக்களின் புலம்பலில் கேட்கலாம். 'பிக் அப் தி பில்' என்றால் எல்லாருக்கும் சேர்த்து ஒருவரே காசு கொடுப்பது. 'பிக் அப் தி பீசஸ்' பெரிய அடிக்குப் பிறகு வாழ்க்கையைத் திரும்பச் சேர்த்தெடுப்பது. 'பிக் யுவர்செல்ஃப் அப்' விழுந்தவர் எழுந்துகொள்வது. 'பிக்-மீ-அப்' ஒரு பெயர்ச்சொல், சோர்ந்த நேரத்தில் தெம்பு தரும் காப்பி, டீ வகை.

எழுதும்போது ஒரே சொல்லா, இரண்டு சொல்லா?

வினையாக வந்தால் இரண்டு சொல், நடுவில் இடம் விட வேண்டும். பெயராகவோ அடைமொழியாகவோ வந்தால் சேர்த்து ஒரே சொல், அல்லது நடுவில் சிறு கோடு. "பிக் அப் தி கெஸ்ட்ஸ்" பிரிப்பது, "பிக்கப் பாயிண்ட்" சேர்ப்பது. சந்தேகம் வந்தால் 'பிக்ட்' என்று இறந்தகாலமாக மாற்றிப் பாருங்கள். மாறினால் வினை, இரண்டு சொல்.

வெள்ளைக்காரர் பேசும்போது இந்தச் சொல்லே காதில் விழுவதில்லை. ஏன்?

'பிக்' கின் கடைசி ஒலி 'அப்' போடு ஒட்டிவிடும். "பிக் அப்" என்பது "பி-கப்" என்று கேட்கும். நாம் 'பிக்கப்' என்று ஒரே சொல்லாக்கியதும் அதனால்தான். "பிக்ட் அப்" என்பது "பிக்-டப்", "பிக் இட் அப்" என்பது "பிக்-கி-டப்". அந்த நடுவிலுள்ள 'இட்' டைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். பேசும்போது 'பிக்டு அப்' என்று 'உ' சேர்க்காதீர்கள், 'பிக்கெட்' என்று இரண்டு அசையாகவும் இழுக்காதீர்கள்.

அழுத்தத்திலும் வித்தியாசம். வினைக்கு அழுத்தம் 'அப்' மேல்: "ஐ'ல் பிக் யூ அப்." பெயருக்கு முதல் அசை மேல்: "பிக்கப் வேன்."

மொழிபெயர்த்துப் பழக சில வாக்கியங்கள் கிடைக்குமா?

விடையை மறைத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.

"பார்சல் வந்து கெடக்கு, போய் எடுத்துட்டு வா மக்கா." விடை: "தி பார்சல் ஹஸ் கம். கோ அண்ட் பிக் இட் அப்." 'மக்கா' வுக்கு ஆங்கிலத்தில் ஈடு தேட வேண்டாம், விட்டுவிடலாம்.

"மழை விட்டாத்தான் வியாபாரம் பிக்கப் ஆகும்." விடை: "பிசினஸ் வில் பிக் அப் ஒன்லி வென் தி ரெயின் ஸ்டாப்ஸ்."

"ரெண்டு தடவ கூப்பிட்டேன், அவ எடுக்கல." விடை: "ஐ கால்ட் ஹர் ட்வைஸ். ஷி டிட்நாட் பிக் அப்." 'டிட்நாட் பிக்ட் அப்' என்று எழுதினால் மார்க் போகும். 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலம், 'பிக்' கை மாற்றக்கூடாது.

"ஸ்கூல்ல பிள்ளையக் கூப்பிடப் போறேன்." அதிகம் பேர் சறுக்குவது இதில்தான். 'கூப்பிட' என்பதைப் பார்த்ததும் "ஐ ஆம் கோயிங் டு கால் மை சைல்ட்" என்று எழுதிவிடுவார்கள். கேட்பவர் போன் பண்ணப் போவதாக நினைப்பார். இங்கே கூப்பிடுவது என்றால் அழைத்துக்கொண்டு வருவது. விடை: "ஐ ஆம் கோயிங் டு பிக் அப் மை சைல்ட் ஃப்ரம் ஸ்கூல்." பிள்ளை ஏற்கெனவே பேச்சில் வந்திருந்தால் "பிக் ஹர் அப்" அல்லது "பிக் ஹிம் அப்". கார், பைக் இல்லாமல் நடந்தே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாலும் இதே சொல்தான்.